நஸெலிக்குப் பதில் சொன்னவள்

அனுப்புநர்:
ஸெவான் செமெர்ஜியான்,
ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை (அரபு மொழி, குடிமையியல்),
எல்மாயான் ஆர்மீனியத் தனியார் பள்ளி,
புர்ஜ் ஹம்மூத்.

பெறுநர்:
பிரிவுத் தலைவர் அவர்கள்,
தேர்வர் பதிவுப் பிரிவு,
மண்டலக் கல்வி அலுவலகம்.

பொருள்: மாணவி சோஸி கஸான்ஜியானின் தேர்வு எண் நிறுத்திவைக்கப்பட்டது – வருகை ஏட்டில் நேர்ந்த பிழை வகுப்பாசிரியையுடையது – எண்ணை விடுவிக்க வேண்டுதல்.

பார்வை: தங்கள் 9 மே 2022 நாளிட்ட கடிதம்.

மதிப்புமிக்க ஐயா,

ஆம், அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். ஐம்பத்து மூன்று நாட்களும் நானே இட்டது. நடுவில் மையின் நிறம் மாறியிருப்பது பேனா தீர்ந்துபோனதால். வேறு யாரும் எழுதவில்லை. யாரும் எழுதச் சொல்லவுமில்லை. உங்கள் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் கேட்கப்பட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். மூன்றாம் பத்தியில் இருப்பது கேள்வியாக இல்லை, முடிவாக இருக்கிறது. அதைப் பற்றியே இந்த மனு.

1. அந்த முடிவை என் வார்த்தைகளில் திரும்ப எழுதுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஆறு மாணவர்கள். ஜூன் மாத அரசுத் தேர்வுக்கு ஐவருக்கு எண் வந்துவிட்டது. சோஸி கஸான்ஜியானுக்கு வரவில்லை. ஆய்வாளரிடம் அவள் பொய் சொன்னாள் என்றும், வகுப்பில் இல்லாத ஒரு மாணவி இருப்பதாகக் காட்டுவதற்குப் போலி நோட்டு தயாரித்தாள் என்றும் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. பொய் சொன்னதாகத் தன் கைப்பட ஒப்புக்கொண்டு எழுதினால் எண் தரப்படும். இல்லையென்றால் இந்த ஆண்டு இல்லை. பட்டியல் வரும் வெள்ளிக்கிழமை, மே 27 அன்று, மூடப்படுகிறது. இன்று செவ்வாய்.

2. எங்கள் பள்ளியில் இரண்டு வருகை ஏடுகள் உண்டு. ஒன்று அரசுக்கு, அரபு மொழியில். மற்றொன்று எங்களுடையது.

எங்கள் பள்ளி தகரக் கொட்டகையில் தொடங்கிய நாளில் முதல் ஏட்டில் பதினேழு பெயர்கள் இருந்தன. ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, இங்கே உயிரோடு வந்து சேர்ந்த பிள்ளைகள் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பெயர்களை அடிக்க யாருக்கும் கை வரவில்லை போலும். கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளை "நெர்கா" என்றது. ஆஜர் என்று பொருள். அதுவே வழக்கமாகிவிட்டது. ஒருவர் நடுவில் போய்விட்டால், அந்த வகுப்பு படித்து முடிக்கும்வரை பெயர் எங்கள் ஏட்டில் இருக்கும். காலையில் கூப்பிடுவோம். கூட உட்கார்ந்திருந்தவர் பதில் சொல்வார்.

பதில் சொல்பவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அன்றைய பாடத்தைப் போனவருக்காகவும் எழுத வேண்டும். முன்பெல்லாம் தனி நோட்டில் எழுதி மாதம் ஒருமுறை தபாலில் அனுப்புவார்கள். புதிய ஊரில் புதிய பள்ளி கிடைக்கும்வரை பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்பதற்காக. இப்போது யாரும் நோட்டில் எழுதுவதில்லை. தங்கள் நோட்டையே கைபேசியில் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

இதை நான் நியாயப்படுத்தவில்லை. இங்கே இப்படித்தான் நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

3. இந்த ஆண்டு எங்கள் ஏட்டில் பதினோரு பெயர்கள். நால்வர் நாட்டை விட்டுப் போனார்கள்: மோன்ட்ரியால், மார்செய், யெரெவான், மீண்டும் யெரெவான். அவர்களுடைய மாற்றுச் சான்றிதழ்கள் உங்கள் அலுவலகம் வழியாகவே சென்றன. அரசு ஏட்டில் அவர்கள் பெயர் இல்லை. ஆகவே அரசு ஏட்டில் ஏழு பெயர்கள்.

ஏழாவது பெயர் நஸெலி பாபுச்சியான்.

அவள் நவம்பர் 14 அன்று இறந்தாள். இரத்தத்தில் நோய். மருந்துக் கடைகளில் அந்த மருந்து அப்போது இல்லை. சைப்ரஸிலிருந்து ஒருவர் பையில் கொண்டுவந்தார். அவர் வந்த விமானம் செவ்வாய்க்கிழமை. அவள் இறந்தது அதற்கு முந்தைய ஞாயிறு.

பெயரை அரசு ஏட்டிலிருந்து நீக்க, இறப்புச் சான்றிதழின் நகலைக் குடும்பம் பள்ளியில் தர வேண்டும். அவளுடைய தாயார் டிகின் அராக்ஸி (டிகின் என்றால் திருமதி) கொண்டுவரவில்லை. நான் கேட்கவில்லை.

4. என் பிழை இதுதான்.

ஒழுங்காக இரண்டு வேலைகளையும் தனித்தனியே செய்ய வேண்டும். முதலில் எங்கள் ஏட்டைப் படித்துக் குரல்களைக் கேட்பது. பிறகு பேச்சில்லாமல் தலைகளை எண்ணி அரசு ஏட்டை நிரப்புவது. நவம்பர் 17 முதல் நான் தலைகளை எண்ணவில்லை. எண்ணுவதென்றால் இரண்டாம் வரிசைப் பெஞ்சைப் பார்க்க வேண்டும். நான் இரண்டு ஏடுகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டேன். குரல் கேட்டால் இதில் ஒரு குறி, அதிலும் ஒரு குறி. நஸெலியின் பெயரைக் கூப்பிட்டபோதும் குரல் கேட்டது.

அழுதுகொண்டே எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். அப்படி எதுவும் இல்லை. குறி போட்டேன், மூடினேன், பாடம் நடத்தினேன். குடிமகனின் கடமைகள், அத்தியாயம் நான்கு.

எங்கள் தலைமையாசிரியை பிறகு ஏட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "கண்ணால எழுத வேண்டியத காதால எழுதிட்டியே, பொண்ணே." இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. அவர் இதற்கு முன் ஏட்டைப் பார்த்ததில்லை. அவருக்கு இதில் பொறுப்பு இல்லை.

5. மார்ச் 15, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு உங்கள் ஆய்வாளர் எங்கள் வகுப்பிற்கு வந்தார். மரியாதையான மனிதர். மழையில் நனைந்த காலணியைக் கதவருகே இருந்த சாக்கில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவர் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. அவர் பார்த்ததைத்தான் எழுதினார். ஆனால் அன்று பேசப்பட்டது முழுவதும் அறிக்கையில் இல்லை. நினைவில் உள்ளபடி தருகிறேன்.

நான் எங்கள் ஏட்டைப் படித்து முடித்தேன். பதினோரு முறை "நெர்கா" கேட்டது. ஆய்வாளர் விரல் நீட்டித் தலைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"எனக்கு ஆறுதான் வருது, மிஸ். பாக்கி அஞ்சு பேரும் பெஞ்சுக்கு அடியிலயா?"

ஹ்ராக் என்ற மாணவன் எழுந்தான். "கஜாக் மோன்ட்ரியால்ல இருக்கான், உஸ்தாஸ். அங்க இப்ப ராத்திரி ரெண்டு மணி. குறட்டை விட்டுட்டிருப்பான். அதான் அவனுக்கும் சேத்து நான் சொன்னேன்."

"குறட்டை விடறவனுக்கு ஆஜரா?"

"இங்க இருந்தப்பவும் முதல் பீரியட்ல குறட்டைதான், உஸ்தாஸ். அப்பவும் நான்தான் சொல்லுவேன்."

வகுப்பு சிரித்தது. ஆய்வாளரும் சிரித்தார். மற்ற மூவருக்குப் பதில் சொன்னவர்களும் ஒவ்வொருவராக எழுந்து ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். பிறகு சோஸியைப் பார்த்தார்.

"நீ ரெண்டு தரம் சொன்னியே. ரெண்டாவது யாருக்கு?"

"நஸெலிக்கு."

"அவ எந்த ஊர்ல குறட்டை விடறா?"

யாரும் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அவ வந்திருக்கா, உஸ்தாஸ்," என்றாள் சோஸி.

"எங்க வந்திருக்கா? எனக்குத் தெரியலையே."

சோஸி பெஞ்சின் அறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேலே வைத்தாள். அட்டையில் நஸெலியின் பெயர். அவர் புரட்டினார். எல்லாப் பாடங்களும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் முந்தைய நாளின் தேதி. பிறகு என் மேசைக்கு வந்து அரசு ஏட்டைப் பார்த்தார். அங்கே என் குறி இருந்தது. அவர் முகம் மாறியது. நோட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

6. அந்த நேரத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பெண் இறந்துவிட்டாள், ஐயா. இவ்வளவுதான். வாய் இருந்தது. வார்த்தைகளும் தெரிந்தவைதான். நான் கையில் இருந்த பேனாவை மூடினேன். ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுப் பார்த்தேன். காரணம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நான் நான்கு ஆண்டுகள் தத்துவம் படித்தவள்.

ஆய்வாளர் படியிறங்கிப் போனபின் தலைமையாசிரியை ஓடிப்போய் வாசலில் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "ஏட்டுல வந்திருக்கான்னு இருக்கே, மேடம். நான் என்ன பண்றது?" என்றாராம். அவரால் என்ன பண்ண முடியும்?

7. நோட்டு பற்றி. அது போலி ஆவணம் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. யாரையும் ஏமாற்ற எழுதப்பட்டிருந்தால் கையெழுத்தையாவது மாற்றியிருப்பாள். அது முழுவதும் சோஸியின் கையெழுத்து, ஒளிவுமறைவு இல்லை. மற்ற நால்வருக்கும் படம் அனுப்பக் கைபேசி எண் இருந்தது. நஸெலிக்கு அனுப்ப எண் இல்லை. ஆகவே சோஸி பழைய முறைக்குப் போய்விட்டாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. டிசம்பர் வரை எனக்கும் தெரியாது. கணிதப் பாடத்தில் அவள் மெதுவாக எழுதுகிறாள் என்று கணித ஆசிரியர் சொல்ல, ஒருமுறை கண்டித்தேன். ஒவ்வொரு கணக்கையும் இரண்டு தரம் எழுதிக்கொண்டிருந்தாள்.

8. ஒப்புதல் கடிதம் பற்றி. உங்கள் கடிதம் வந்த அன்றே அவளை உட்காரவைத்தேன். "அரசு அலுவலரிடம் நான் பொய் சொன்னேன் என ஒப்புக்கொள்கிறேன்" என்ற வரியைப் பலகையில் எழுதிக் காட்டினேன். பார்த்து எழுதினால் போதும் என்றேன்.

"மத்ததெல்லாம் எழுதறேன், ஓரியோர்த்," என்றாள். எங்கள் பிள்ளைகள் மணமாகாத ஆசிரியையை அப்படித்தான் அழைப்பார்கள். "மன்னிப்பு கேக்கறேன். அவரு மனசு சங்கடப்பட்டிருந்தா அதுக்கும் கேக்கறேன். அந்த ஒரு வரி மட்டும் வேணாம்."

"ஒரு வரிதானே, சோஸி."

"ஹ்ராக்கும் அதே வார்த்தைதான் சொன்னான். அவன் சொன்னா சிரிப்பு, நான் சொன்னா பொய்யா?"

பலகையைத் துடைத்தேன். அவள் கேட்டதற்குப் பதில் உங்களிடம் இருக்குமா என்று அறியவும் இந்த மனுவை எழுதுகிறேன். அன்று காலை ஒரே வார்த்தை, இல்லாத ஐந்து பேருக்காகச் சொல்லப்பட்டது. நான்கு முறை அது வழக்கம் என்று ஏற்கப்பட்டது. ஐந்தாவது முறை குற்றமாயிற்று. நடுவில் மாறியது சொன்னவளின் நேர்மையல்ல. அந்த நான்கு பெயர்கள் அரசு ஏட்டில் இல்லை. ஐந்தாவது பெயர் இருந்தது. அதன் எதிரே என் குறியும் இருந்தது. என் குறியை எடுத்துவிட்டால் அவளுடைய பொய்யும் இல்லாமல் போகிறது.

"வந்திருக்கா" என்று அவள் வாயால் சொன்னாளே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னாள். பதில் சொல்ல ஏற்றுக்கொண்டவள், யார் கேட்டாலும் அந்தப் பதிலை மாற்றக் கூடாது என்று எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இது எந்த விதியிலும் இல்லை. நாங்கள் கற்றுக்கொடுத்ததும் இல்லை. சிறு வகுப்பிலேயே எப்படியோ பிடித்துக்கொள்கிறார்கள்.

9. அவளுடைய தந்தையையும் அழைத்துப் பேசினேன். மராஷ் தெருவில் நகைப் பட்டறையில் கல் பதிப்பவர். நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடியைக் கழற்ற மறந்து அப்படியே வந்தார்.

"ஒரு வரி எழுதினா கை ஒடிஞ்சா போயிடும்? எழுதித் தொலைடி."

"மாட்டேன்பா."

"அப்ப நாளையிலருந்து பட்டறைக்கு வா. மெருகு போட ஆள் இல்ல. பள்ளிக்கூடமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"சரி, வரேன்."

மிரட்டிப் பணியவைக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார். அவள் ஒப்புக்கொண்டதும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சற்று நேரம் சுவரில் இருந்த கால அட்டவணையைப் படித்தார். போகும்போது என்னிடம் மெதுவாக, "நீங்க ஏதாவது பண்ணுங்க. அவ பட்டறைக்கு வந்துடுவா. அவ அப்படித்தான்," என்றார்.

தேர்வு எழுதாவிட்டால் பத்தாம் வகுப்பில் சேர முடியாது. அடுத்த ஆண்டு எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு இருக்குமா என்றும் தெரியவில்லை. எட்டில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். வேறு பள்ளிக்குப் போகும் வசதி அவர்களுக்கு இல்லை. ஆகவே "இந்த ஆண்டு இல்லை" என்று உங்கள் கடிதம் சொல்வது சோஸியைப் பொறுத்தவரை எந்த ஆண்டும் இல்லை என்பதுதான். வகுப்பில் முதல் மாணவி அவள் என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது. அறிவியலில் இரண்டாவது.

10. கடைசியாக டிகின் அராக்ஸி பற்றி. அவர் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறார். மகளின் நாற்பதாம் நாள் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னும் கூப்பிடறீங்களா?"

"கூப்பிடறோம்."

"யாரு சொல்றா?"

"சோஸி."

"சரி," என்றார்.

உங்கள் கடிதம் பற்றி யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். சென்ற வியாழக்கிழமை வேலை உடுப்பிலேயே பள்ளிக்கு வந்தார். நான்காக மடித்த இறப்புச் சான்றிதழின் நகலை மேசையில் வைத்தார்.

"இதுக்காக அந்தப் புள்ள படிப்ப நிறுத்தாதீங்க. பேரை எடுக்கணும்னா எடுத்துடுங்க. எங்கிட்ட வந்து கேக்காதீங்க, அவ்வளவுதான்."

உட்காருங்கள் என்றேன். கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

11. ஆகவே ஐயா, கீழே எழுதியிருப்பதை நான் சுயநினைவோடு, எவருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதுகிறேன். நீங்கள் மாணவியிடம் கேட்ட வாக்கியம் இது. சொல்ல வேண்டியவள் நான் என்பதால் நானே சொல்கிறேன்:

நவம்பர் 17 முதல் மார்ச் 15 வரை அரசு வருகை ஏட்டில், இறந்துபோன மாணவி நஸெலி பாபுச்சியான் வகுப்பிற்கு வந்ததாக ஐம்பத்து மூன்று முறை பொய்யாகப் பதிவு செய்தேன் என ஒப்புக்கொள்கிறேன். ஆய்வாளர் கேட்டபோது உண்மை தெரிந்தும் பேசாமல் இருந்தேன் எனவும் ஒப்புக்கொள்கிறேன்.

இதன் விளைவாக என் கற்பிக்கும் அனுமதி பறிக்கப்படலாம் என்று தலைமையாசிரியை எச்சரித்தார். தெரியும் என்றேன். இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் தெரியும் என்றேன்.

12. நான் கேட்பது:

சோஸி கஸான்ஜியான் மீதான குறிப்பை நீக்கி, வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்குத் தேர்வு எண் வழங்க வேண்டும். அவளிடம் எந்த ஒப்புதலும் கேட்கக் கூடாது. நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் என்மீது எடுங்கள். அதற்கு மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

விசாரணை முடிந்ததும் அந்த நோட்டைத் திருப்பித் தர வேண்டும். யாரிடம் தருவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பள்ளி முகவரிக்கு அனுப்பினால் போதும்.

இந்த மனுவைப் படிக்க நீங்கள் ஒதுக்கிய நேரத்திற்கு நன்றியுடையேன்.

இடம்: புர்ஜ் ஹம்மூத்
நாள்: 24 மே 2022

இப்படிக்கு,
ஸெவான் செமெர்ஜியான்

இணைப்பு: அரசு வருகை ஏட்டின் நகல், பதினான்கு பக்கங்கள், இறப்புச் சான்றிதழ் நகல், ஒன்று.

(பின்பக்கத்தில், கையால்)

மனுவை இன்று காலை பத்து மணிக்கு உங்கள் எழுத்தரிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, தேர்வர் நேரில் வராமல் எதையும் மேலே அனுப்ப முடியாது என்று திருப்பித் தந்தார். வாடகைக் காரில் பள்ளிக்குப் போனேன். சோஸியை இயற்பியல் வகுப்பிலிருந்து எழுப்பி அழைத்துவந்தேன். இரண்டாம் மாடியில், உங்கள் அறைக்கு எதிரே, ஒரு நாற்காலிதான் இருந்தது. அவளை அதில் உட்காரவைத்துவிட்டு, இதைச் சுவரில் வைத்து எழுதி, மறுபடியும் எழுத்தரிடம் கொடுக்கிறேன். தேர்வர் நேரில் வந்திருக்கிறாள்.